ஒரு மிடறு தண்ணீர்

இந்த வரியை வாசிக்கும்போதே ஒரு தடவை எச்சிலை விழுங்கிப் பாருங்கள், தோழியரே. இரண்டு விரல்களைத் தொண்டையின் முன்பக்கம் மெதுவாக வைத்துக்கொண்டு விழுங்கினால் இன்னும் நல்லது. உள்ளே கடினமான ஒன்று மேலே எழும்பி உடனே கீழே இறங்குவது விரலுக்குத் தெரியும். அதுதான் குரல்வளை. அந்த ஏற்றமும் இறக்கமும் ஏறத்தாழ ஒரு செக்கனில் முடிந்துவிடும். பிறந்த நாள் முதல் செய்துவருவதால், இதற்கு ஒரு திறமை வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

பாரிசவாதம் வந்தவர்களுக்கு இந்தத் திறமை பறிபோய்விடுவதுண்டு. பாரிசவாதம் என்றதும் கை கால் வழங்காமற் போவதும், வாய் ஒரு பக்கம் கோணுவதும், பேச்சுக் குழறுவதும்தான் நம் நினைவுக்கு வரும். அடையாளங்களாக நமக்குச் சொல்லித்தந்தவையும் அவைதாம். (அவற்றைக் கண்டதும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழைக்க வேண்டும் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.) விழுங்க முடியாமற் போவது வெளியே தெரிவதில்லை. ஆனால் அது அபூர்வமானதன்று. பல ஆய்வுகளைத் தொகுத்து 2005 ஆம் ஆண்டு வெளியான ஒரு கட்டுரையின்படி, பாரிசவாத நோயாளிகளில் 100 பேருக்கு 37 முதல் 78 பேர் வரை இந்தச் சிரமம் காணப்பட்டிருக்கிறது. இந்த இடைவெளி ஏன் இவ்வளவு பெரிது என்றால், கட்டிலருகில் நின்று பார்த்துச் சோதித்தபோது குறைவாகவும், கருவிகளால் நுணுக்கமாகச் சோதித்தபோது அதிகமாகவும் கண்டுபிடிக்கப்பட்டதுதான் காரணம். சும்மா பார்த்தால் பலருக்கு இருப்பதே தெரியாது. அதே கட்டுரை, விழுங்கற் சிரமம் உள்ளவர்களுக்கு நியூமோனியா வரும் அபாயம் மற்றவர்களைவிட 3 மடங்கு என்றும் சொல்கிறது.

உயர்தர உயிரியலில் விழுங்குதலுக்கு நாங்கள் எழுதிய குறிப்பு அரைப் பக்கம்தான். பரீட்சைக்கு அது போதும். சென்ற வருடம் என் உம்மம்மாவுக்குப் பாரிசவாதம் வந்த பிறகு, அந்த அரைப் பக்கத்தைப் பல தடவைகள் திருப்பித் திருப்பி வாசித்தேன்.

வாயில் இட்ட உணவை மென்று, உமிழ்நீரோடு பிசைந்து, நாக்கு அதைத் திரளையாக்கிப் பின்னுக்குத் தள்ளும்வரை எல்லாம் நம் விருப்பப்படி நடக்கிறது. வேண்டாமென்றால் துப்பிவிடலாம். திரளை தொண்டையைத் தொட்ட பிறகு நம் விருப்பத்துக்கு அங்கே வேலையில்லை. மென்னண்ணம் எழுந்து மூக்கின் பக்கத்தை அடைக்கும். குரல்வளை மேலும் முன்னுமாக இழுபடும். மூச்சுக்குழல்வாய்மூடி அதன்மேல் கவிழும். அதற்கும் கீழே குரல் நாண்கள் இரண்டும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். மூச்சு ஒரு கணம் நிற்கும். களத்தின் மேல்வாயிலை இறுக்கிப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து வழிவிடும். உணவு உள்ளே இறங்கியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப, பெரும்பாலும் ஒரு வெளிமூச்சோடு சுவாசம் மறுபடி தொடங்கும். பிறகு ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமான களத்தினூடாகச் சுற்றுச்சுருங்கல் அசைவினால் உணவு இரைப்பையை அடையும். இந்த வேலைக்கு 30 இற்கும் மேற்பட்ட தசைகளும், 5, 7, 9, 10, 12 ஆம் மண்டையோட்டு நரம்புகளும் வேண்டும். எல்லாவற்றுக்கும் முறை பிசகாமல் கட்டளையிடும் மையம் மூளைத்தண்டில், நீள்வளைய மையவிழையத்தில் இருக்கிறது.

தொண்டையை ஒரு ரயில் கடவையாக நினைத்துக்கொண்டால் எனக்கு இலகுவாக விளங்கியது. காற்று, தெருவில் எந்நேரமும் போய்வரும் வாகனம். உணவு, இடையிடையே வரும் ரயில். ரயில் வரும்போது கடவைக் காவலாளி கேட்டை இறக்க வேண்டும். அவர் அரைச் செக்கன் பிந்தினாலே விபத்துத்தான்.

அந்தச் சிறிய விபத்துக்குத் தமிழில் நல்ல ஒரு சொல் இருக்கிறது: புரைக்கேறுதல். புரைக்கேறினால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவார்கள். உண்மையில் உணவோ நீரோ வாதனாளியின் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டது, இருமல் அதை அடித்துத் துரத்துகிறது. அப்படி இருமுபவருக்கு மேலும் தண்ணீர் கொடுப்பது நம் வழக்கம். அது வேண்டாத வேலை. அவரை நன்றாக இருமவிடுவதுதான் உதவி.

பாரிசவாதத்தில் நடப்பது இதைவிட மோசம். மூளைக்குப் போகும் குருதிக்குழாய் அடைபட்டோ வெடித்தோ மூளையின் ஒரு பகுதி சேதமடைகிறது. நாக்கும் உதடும் ஒரு பக்கம் பலவீனப்பட்டால், உணவு அந்தப் பக்கக் கன்னத்துக்குள் ஒதுங்கிக் கிடக்கும். விழுங்கும் கட்டளை பிந்தினால், கேட் மூடுமுன் தண்ணீர் ஓடிவிடும். சிலருக்கு மூளைத்தண்டிலேயே அடைப்பு ஏற்படும். அடோல்ஃப் வாலன்பேர்க் என்ற ஜேர்மன் வைத்தியர் 1895 இல் விவரித்த அத்தகைய நோயில், கை கால்களில் பலம் இருந்தும் நோயாளியால் விழுங்க முடியாமற் போகும், குரலும் கரகரக்கும். எல்லாவற்றையும்விடப் பயங்கரமானது, தொண்டையின் உணர்ச்சி மங்கிவிடுவது. அப்போது உணவு வாதனாளிக்குள் இறங்கினாலும் இருமல் வராது. முகம் மாறாது. பார்ப்பவர்களுக்கு அவர் வடிவாகக் குடிப்பதாகத்தான் தெரியும். புரைக்கேற வேண்டியவருக்குப் புரைக்கேறாமல் இருப்பதை வைத்தியர்கள் ‘மௌனமான உட்செல்கை’ என்ற பொருளில் குறிப்பிடுகிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது.

உம்மம்மாவின் கட்டில் தலைமாட்டில் முதல் நாளே ஒரு அட்டை தொங்கியது. வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. நோயாளியைப் பார்க்கப் போவது நமக்கு ஸுன்னத்து. வெறுங்கையோடு போவது நம் ஊர் வழக்கமில்லை. ஆகவே பார்வையாளர் நேரத்தில் கட்டிலருகே மேசை நிறைந்துவிடும். சூப், இளநீர், ஓட்ஸ் கஞ்சி, பிளாஸ்கில் பிளேன்டீ. வந்தவர்கள் எல்லோரும் அட்டையைப் பார்த்தார்கள், பிறகு உம்மாவைப் பார்த்தார்கள். “ஒரு சொட்டுத் தண்ணியும் குடுக்காமப் போட்டு வெச்சிருக்கீங்களே, அல்லாஹ்வுக்குப் பொறுக்குமா?” என்று ஒருவர் கேட்டே விட்டார். உம்மா அழுதார். பெற்ற தாயைப் பட்டினி போடுகிறாய் என்று சொல்வதைவிட ஒரு பெண்ணைக் குத்துகிற வார்த்தை வேறு என்ன இருக்கிறது?

மூன்றாம் நாள் உம்மா தொழுவதற்காகப் போயிருந்த நேரத்தில், உறவினர் ஒருவர் ஆற்றிய பிளேன்டீயைக் கரண்டியால் ஊட்டியிருக்கிறார். ஆறேழு கரண்டி. உம்மம்மா இருமவில்லை. அவர் மிகுந்த சந்தோஷத்தோடு உம்மாவிடம் சொன்னார், “பாருங்க, ஆசையாக் குடிச்சா.” இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. எக்ஸ்ரேயில் வலப்பக்க நுரையீரலின் அடிப்பகுதியில் நியூமோனியா என்றார்கள். அந்த ஆறேழு கரண்டிதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நமக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் உமிழ்நீர் சுரக்கிறது, அதுவே தவறான வழியில் போகலாம் என்று வைத்தியர் விளக்கினார். யார் மேலும் பழி போட எங்களுக்கு மனமும் இல்லை. அவர் செய்தது அன்பினால். அந்த அன்புக்கு யாராவது முன்கூட்டியே, தமிழில், விளங்கச் சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். அட்டையில் தடை மட்டுமே இருந்தது, அதற்கான காரணம் இருக்கவில்லை.

தண்ணீர்தானே, சோறா கொடுத்தோம் என்று கேட்பவர்கள் அநேகர். விழுங்கற் சிரமம் உள்ளவருக்கு வாயில் இடக்கூடியவற்றுள் மிகவும் ஆபத்தானவற்றில் ஒன்று தண்ணீர்தான். அது திரளையாக நிற்காது. நாக்கின் பின்புறம் போய்ச் சேர்வதற்கு முன்பே வழுக்கி ஓடிவிடும். பிந்திப் பிந்தி மூடும் கேட்டுக்கு மிக வேகமான ரயில் அது. கெட்டித் தயிர் மெதுவாக நகரும், அதனால் தொண்டைக்கு ஆயத்தமாக நேரம் கிடைக்கும். இதை நேரிலே பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. நோயாளிக்கு பேரியம் கலந்த உணவை வெவ்வேறு தடிப்புகளில் கொடுத்து, விழுங்கும்போதே எக்ஸ்ரேயினால் படம் பிடிப்பார்கள். இம்முறையை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் ஜெரி லோகமன் என்ற அமெரிக்கப் பேராசிரியை. அவருடைய சோதனையில் பேரியம் பூசிய பிஸ்கட்டும் ஒன்று. மூக்கு வழியே மெல்லிய கமராவைச் செலுத்தித் தொண்டையைப் பார்க்கும் முறையும் இருக்கிறது.

இவை எல்லா இடத்திலும் இல்லை. ஆனால் கட்டிலருகிலேயே செய்யக்கூடிய எளிய சோதனைகள் உண்டு. பாரிசவாத நோயாளிக்கு உணவோ பானமோ மருந்தோ வாயால் கொடுப்பதற்கு முன் அப்படியொரு சோதனை நடக்க வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. ஒஸ்ரியாவில் உருவாக்கப்பட்டு 2007 இல் வெளியான ‘கக்கிங்’ சோதனையின் ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது. முதலில் நோயாளி விழித்திருக்கிறாரா, இரும முடிகிறதா, தன் எச்சிலை விழுங்குகிறாரா என்று பார்ப்பார்கள். பிறகு தடித்த கூழ், அதன் பின்னரே தண்ணீர், கடைசியில் பாண். தண்ணீரை முதலாவதாக வைக்காதது கவனிக்கத்தக்கது.

இரண்டாம் வாரத்தில் பேச்சு மொழிச் சிகிச்சையாளர் வந்தார். பேசக் கற்பிப்பவருக்கு இங்கே என்ன வேலை என்று மாமா கேட்டார். நாக்கு, உதடு, அண்ணம், குரல்வளை எல்லாம் பேச்சுக்கும் விழுங்கலுக்கும் பொதுவான கருவிகள். ஆகவே இந்தத் துறையினரே அதையும் பார்க்கிறார்கள். அவர் சிங்களம் பேசும் ஒரு மிஸ். மிகவும் பொறுமைசாலி. உம்மாவுக்குச் சிங்களம் கடை கண்ணிக்குப் போதுமான அளவே தெரியும். ஆகவே பாடசாலை விட்டதும் நான் ஓடிப்போய் மொழிபெயர்ப்பாளராக நின்றேன். கிலினவா என்றால் விழுங்குதல், கஹினவா என்றால் இருமுதல். எங்கள் சிங்களப் பாடப் புத்தகத்தில் நான் காணாத சொற்கள். அவர் தந்த துண்டுப்பிரசுரம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தது. அதை நான் தமிழில் எழுதி எங்கள் குசினிச் சுவரில் ஒட்டினேன். அந்தத் தாளில் இருந்தவற்றைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதல் ஐந்து வாரங்கள் மூக்கு வழியாக இரைப்பைக்குச் செல்லும் குழாயினால்தான் உணவு. குழாயைப் பார்த்தால் வருபவர்களின் முகம் கறுத்துவிடும், இனி முடிந்தது என்பதுபோல. குழாய் என்பது காத்திருப்பதற்கான ஏற்பாடு. மூளை தேறிவரும்வரை உடம்பு மெலியாமலும் வரளாமலும் காக்கிறது. குழாய் ஊட்டும்போதும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், ஊட்டிய பின் அரை மணித்தியாலம் கிடத்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்பதை உறுதிசெய்த பிறகே ஊட்ட வேண்டும். அதைச் செய்யும் விதத்தைத் தாதி உம்மாவுக்கும் சாச்சிக்கும் நேரில் காட்டிக் கொடுத்தார். எழுத்தில் படித்துச் செய்யும் காரியமன்று அது.

வாயால் எதுவும் கொடுக்காதபோது வாயை மறந்துவிடுகிறோம். இது பெரிய தவறு. நுரையீரலுக்குள் இறங்கும் எச்சிலில் என்னென்ன பற்றீரியாக்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் நியூமோனியா. சூசன் லாங்மோர் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 1998 இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய நியூமோனியாவுக்கு விழுங்கற் சிரமம் மட்டும் போதிய காரணம் அல்ல என்று கண்டார்கள். பிறர் கையால் ஊட்டப்பட வேண்டிய நிலையும், வாய் சுத்தத்துக்குப் பிறரை நம்பியிருக்கும் நிலையும், சொத்தைப் பற்களும் முன்னணியில் நின்றன. மிஸ்வாக் செய்வதை இவ்வளவு வலியுறுத்திய மார்க்கத்தில் பிறந்த நமக்கு இதை விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. உம்மம்மாவுக்கு மிஸ்வாக் குச்சி சரிவராது, நார் உதிரும். மென்மையான சிறிய பிரஷ், மிகக் கொஞ்சம் பற்பசை, பிறகு ஈரத்துணியால் துடைத்தல். நாக்கும் கன்னத்தின் உட்புறமும் சேர்த்து, காலையிலும் இரவிலும்.

உம்றா போய் வந்த அயல்வீட்டு மாமி ஒரு சின்னப் போத்தலில் ஸம்ஸம் கொண்டுவந்தபோது எங்களுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தாதி ஒரு வழி சொன்னார். பஞ்சை அதில் தோய்த்து, சொட்டாதபடி நன்றாகப் பிழிந்துவிட்டு, உதட்டையும் நாக்கு நுனியையும் நனைத்தோம். உம்மம்மா கண்ணை மூடிக்கொண்டார். மாமிக்கும் மனம் நிறைந்தது.

வுளூ அடுத்த கேள்வியாக வந்தது. உம்மம்மா உட்கார்ந்து தொழத் தொடங்கியதும் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டார். கொப்பளிக்கும் தண்ணீர் தொண்டைக்குள் நழுவினால் குடித்ததற்குச் சமன். வாப்பா மௌலவியிடம் விசாரித்தார். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் வுளூவின்போது வாய் கொப்பளிப்பது ஸுன்னத்து, பர்ளு அன்று. விட்டுவிட்டாலும் வுளூ நிறைவேறும். நோன்புக்கும் நோயாளிக்குச் சலுகை இருக்கிறது. இதைக் கேட்ட பிறகுதான் உம்மம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. வைத்தியர் சொன்னால் மட்டும் அவர் கேட்டிருக்கமாட்டார்.

குழாய் கழற்றிய பிறகு எங்கள் குசினி ஓர் ஆய்வுகூடமாயிற்று. பானங்களின் தடிப்பையும் உணவின் மென்மையையும் 0 முதல் 7 வரை தரப்படுத்தும் ‘இட்ஸி’ என்ற சர்வதேச அளவுமுறை ஒன்று இருக்கிறது. 0 என்பது தண்ணீர், 7 நாம் உண்ணும் சாதாரண உணவு. தடிப்பை அளக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஊசி கழற்றிய 10 மில்லிலீற்றர் சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்து, 10 வரை பானத்தை ஊற்றி, விரலை எடுத்து 10 செக்கன் ஓடவிட்டு, மறுபடி அடைக்க வேண்டும். 4 முதல் 8 மில்லிலீற்றர் வரை எஞ்சியிருந்தால் அது தரம் 2. அதைவிடக் கூடுதலாக எஞ்சினாலும் முனையால் கொஞ்சமாவது ஓடியிருந்தால் தரம் 3. ஒன்றுமே எஞ்சாமல் ஓடிவிட்டால் தரம் 0. எல்லா சிரிஞ்சும் ஒரே அளவானவை அல்ல. 0 இலிருந்து 10 வரையான அளவுக்கோடு 61.5 மில்லிமீற்றர் நீளம் இருக்க வேண்டும். உம்மம்மாவுக்குச் சொல்லப்பட்டது தரம் 2. என் தம்பி மணிக்கூட்டோடு பக்கத்தில் நிற்பான்.

தடிப்பாக்குவதற்கென்றே விற்கும் மா எங்களுக்குக் கட்டுப்படியாகாத விலை. சிகிச்சையாளரிடம் கேட்டுக்கொண்டு கோன்ஃபிளவரைக் காய்ச்சிச் சேர்த்தோம். அதில் ஒரு சிக்கல் உண்டு. அது மாப்பொருள். உமிழ்நீர் அமைலேசு அதை உடைத்துவிடும். வாயில் வைத்த கரண்டியையே திரும்பத் திரும்பக் கோப்பைக்குள் விட்டால், கடைசியில் கோப்பை தண்ணீராகிவிடும். பாதி குடித்துவிட்டு வைத்த கஞ்சி நீர்த்துப்போவதை நீங்களும் கண்டிருப்பீர்கள், காரணம் அதுவே. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக வேறு கோப்பையில் ஊற்றி எடுத்தோம். அமைலேசைப் பற்றி நான் படித்ததில் வீட்டுக்கு உதவிய ஒரே பகுதி இது.

நமது உணவுகளை இந்த அளவுமுறைக்குள் பொருத்துவது இன்னொரு பாடம். கஞ்சி நோயாளிக்கு ஏற்றது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் மேலே தெளிந்த நீரும் அடியில் சோற்றுப் பருக்கையுமாக இருக்கும் கஞ்சி இரண்டு உணவுகளை ஒரே நேரத்தில் விழுங்கச் சொல்கிறது. நாக்கு பருக்கையைக் கவனிக்கும்போது நீர் ஓடிவிடும். நோன்புக் கஞ்சியையும் இறைச்சித் துண்டோடு அப்படியே கொடுக்க முடியாது. நன்றாக அரைத்து, வடித்து, ஒரே சீராக்கிக் கொடுத்தோம். பிட்டு உதிரும், பாண் வாயில் ஒட்டும், தொதலைச் சொல்லவே வேண்டாம். ஐஸ்கிறீமும் ஜெலியும் பார்வைக்குக் கெட்டி, வாய்க்குள் போனதும் தண்ணீர். கட்டித் தயிர், கீழே ஊறிய நீரை வடித்துவிட்டுக் கடைந்தால் நல்லது. மசித்த பூசணிக்காய், அரைத்த பருப்பு, முள் பார்த்துப் பார்த்து எடுத்து மசித்த மீன் எல்லாம் சரிவந்தன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தடித்த பானத்தை யாரும் விரும்பிக் குடிப்பதில்லை. குடிக்கும் அளவு குறைந்து உடம்பு வரண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே தரத்தை நாமாகக் கூட்டிவிடுவதும் பாதுகாப்பு ஆகாது. ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை உள்ளே போனது என்று சாச்சி கலண்டரில் கோடு போட்டு வைத்தார்.

ஊட்டும் முறைக்கு வருகிறேன். கதிரையில் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஊட்டுபவரும் எதிரே உட்கார வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் நோயாளி தலையை அண்ணாந்து பார்ப்பார், தொண்டை அகலத் திறந்துவிடும். தேக்கரண்டியில் அரைவாசி. விழுங்கியதைக் குரல்வளையின் அசைவில் கண்ட பிறகே அடுத்தது. தொலைக்காட்சி நிறுத்தியிருக்க வேண்டும், கதை கேட்கக் கூடாது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் மூச்சும் திறக்கும் அல்லவா? இடையிடையே “ஆ” என்று சொல்லச் சொல்லிக் குரலைக் கேட்க வேண்டும். தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் களகளவென்று ஒலித்தால் உணவு குரல் நாண்களின் மேல் நிற்கிறது என்று அர்த்தம். ஊட்டுவதை அத்தோடு நிறுத்த வேண்டும். முடிந்ததும் பலவீனமான பக்கக் கன்னத்துக்குள் ஒதுங்கியது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாடியைத் தாழ்த்தி விழுங்கச் சொல்வது சிலருக்கு உதவும், சிலருக்கு உதவாது. பக்கத்து வீட்டு நோயாளிக்குச் சொன்னதை நம் வீட்டில் செய்துபார்க்கக் கூடாது. மாத்திரைகளும் அப்படித்தான். எல்லாவற்றையும் இடித்துத் தேனில் குழைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையை இடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் சேரும். மருந்தாளரைக் கேட்க வேண்டும்.

உம்மம்மாவுக்கு இவ்வளவு தேற்றம் எப்படி வந்தது? பலருக்கு முதல் சில வாரங்களிலேயே விழுங்கல் திரும்பிவிடுகிறது, செத்த நரம்புக் கலங்கள் உயிர்த்து எழாதபோதும். மஞ்செஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாஹீன் ஹம்தியும் அவரது குழுவினரும் 1996 இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. மண்டைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்புகளால் மூளையைத் தூண்டி, தொண்டைத் தசை எவ்வளவு துடிக்கிறது என்று அளந்தார்கள். விழுங்கலுக்கு மூளையின் இரண்டு பக்கத்திலும் இடம் இருந்தது, ஆனால் ஒரு பக்கம் பெரிது, மறுபக்கம் சிறிது. வலக்கைப் பழக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெரிய பக்கம் சேதமானவருக்கே விழுங்க முடியாமற் போகிறது என்பது அவர்களின் விளக்கம். தேறியவர்களைப் பிறகு சோதித்தபோது, சேதமடையாத பக்கத்தில் தொண்டைக்குரிய இடம் விரிந்திருந்தது. இத்தனை நாள் சும்மா இருந்த சின்னப் பக்கம் வேலையைக் கற்றுக்கொள்கிறது. சிகிச்சையாளர் தினமும் செய்யச் சொல்லும் பயிற்சிகள் அந்தப் பாடத்துக்குத்தான். உம்மம்மா நாக்கை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்வதைப் பார்த்துத் தம்பி சிரித்தால், அவனையும் பக்கத்தில் உட்கார்த்திச் செய்யச் சொல்வார்.

எங்கள் வகுப்பில் எல்லோரும் எதிர்காலக் கனவு என்ற இடத்தில் வைத்தியர் என்றே எழுதுகிறோம். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானத்துக்கு ஒரு பட்டப்படிப்பு இருப்பதை நான் அறிந்தது வைத்தியசாலை வார்ட்டில்தான். ஒரு கிழவியிடம் அவர் வாழ்ந்த மொழியிலேயே “இப்ப மெதுவா விழுங்குங்க, உம்மா” என்று சொல்ல ஒருவர் வேண்டும். அது என் கையால் ஆகலாம் என்று இப்போதெல்லாம் நினைக்கிறேன். வாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சஞ்சிகை வெளிவந்ததும் வாசித்துக்கொள்வார்.

நோன்புப் பெருநாளுக்கு உம்மம்மா வட்டிலப்பம் கேட்டார். சிகிச்சையாளரை அழைத்துக் கேட்டேன். அவருக்கு வட்டிலப்பம் தெரியும், ஆகவே விளக்க வேண்டியிருக்கவில்லை. தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்ந்த அந்த மென்மை சரிவரும், ஆனால் உள்ளே இருக்கும் ஓட்டைகளில் பாணி ஊறி நிற்கும், அது கஞ்சித் தண்ணீரின் கதைதான் என்றார். நம் ஊரில் ஓட்டை விழுந்த வட்டிலப்பத்துக்குத்தான் மவுசு. சாச்சி தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில், மெல்லிய தீயில், ஓட்டை விழாமல் அவித்தெடுத்தார். நான் கரண்டியைச் சரித்துப் பார்த்தேன், ஒரே துண்டாக வழுக்கி விழுந்தது, நீர் பிரியவில்லை. அரைக் கரண்டி அரைக் கரண்டியாக உம்மம்மா கிண்ணத்தை முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. கஜு போடாததற்கு மட்டும் சாச்சிக்கு ஏச்சு விழுந்தது.